கிருமியும் அது ஆக்கும் பொருளும்

பிரெஞ்சு நாட்டு ஆஸ்பத்திரிகளில் ரணவைத்தியம் செய்துவந்தோர், நோயாளரின் புண்களைச் சுற்றிய துணிக்கட்டுகள் சிற்சில சமயங்களில் நீலம் பாய்ந்து கிடக்கக் கண்டு வியப்புறுவது முற்காலத்தில் வழக்கமாயிருந்தது. 1860-ஆம் ஆண்டையொட்டிப் போர்டோஸ் என்னும் இரசாயன சாஸ்திரி, குளோரோபாரத்தின் உதவியால் அத்துணிகளினின்று அந்நீலத்தைத் தனியே பிரித்தெடுத்தார். பியோசயனின் என்று பெயர் பெற்ற அப்பொருள் நீலப் பளிங்குகளாக அமைந்தது. அமிலம் பட்டவுடன் சிவந்தது. அதனை ஆக்கும் கிருமியை 1882-இல் ழெஸார் என்பார் பிரித்து வளர்த்தார். ஆகவே, இக்கிருமி அறியப்படுமுன்னரே அதன் பொருள் அறியப்பட்டது. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 1899-இல் எம்மெரிக், லோ என்னும் ஜெர்மானியர் இருவர், அதே கிருமியின் வளர்ப்புநீரினின்று ஒரு மருந்து ஆக்கிப் பிற கிருமிகளைக் கொல்ல வழங்கினர். சில ஆண்டுகள் வழங்கிய அம்மருந்து, சிலர்க்கு நலமும் சிலர்க்குத் தீங்கும் விளைத்துப் பின்னர்க் கைவிடப்பட்டது. இன்றோ, அந்நீலப் பொருள் நுரையீரலின் உயிரணுக்களைக் கெடுப்பதொன்று எனப் பாடநூல்கள் கூறுகின்றன.

நஞ்சா, மருந்தா? இவ்வினாவுக்கு விடை தேடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கிருமி தன் பிழைப்பின்பொருட்டு ஆக்கும் பொருளுக்கு நஞ்சென்றும் மருந்தென்றும் பெயரிடுவோர் நாமே. ஆனால் நம் கல்லூரிகளில் கிருமியைப்பற்றிக் கற்பிக்கும் முறையை நோக்குங்கால், இப்பொருள்களுக்கு உரிய இடம் அளிக்கப்படவில்லை என்பது எமது கருத்து. கிருமியின் பெயர் யாது, வடிவம் கோலா உருண்டையா, கிராம் என்பாரின் சாயத்தை ஏற்குமா ஏலாதா, அதனைக் கொல்லும் மருந்து எது என நான்கு வினாக்களுக்கு விடையெழுதிய மாணாக்கன் தேர்ச்சி பெற்றுவிடுகிறான். அக்கிருமி உடலினுள் எப்பொருளை ஆக்குகிறது, எந்நிலையில் ஆக்குகிறது, எதன் குறைவினால் ஆக்குகிறது என்று அவனை எவரும் கேட்பதில்லை. இது வெறும் பாடத்திட்டக் குறையென்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. இவ்வினாவைக் கேளாமையால் மருத்துவ உலகம் ஒருகால் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருளில் தடுமாறியது. அவ்வரலாறு நம் நாட்டில் நிகழ்ந்ததாதலின், அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

வாந்திபேதியெனவும் காலராவெனவும் வழங்கும் கொடுநோயின் காரணத்தைத் தேடி ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்தார். நோயாளர் குடலிலும் குளத்து நீரிலும் காற்புள்ளிபோல் வளைந்த கிருமியைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். (இத்தாலி நாட்டுப் பாசினி 1854-லேயே அதனைக் கண்டு எழுதியிருந்தார், அவர் எழுதியதை அன்று பொருட்படுத்தினார் அரியர்.) இக்கிருமி ஒரு நஞ்சை ஆக்கி அதனாலேயே மாந்தரைக் கொல்லுகின்றது என்பதும் காக்கின் ஊகமாயிருந்தது. அந்நஞ்சைத் தேடிப் புறப்பட்டோர் பலர், கண்டார் ஒருவருமில்லை. நஞ்சென்றால் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவியே கொல்லவேண்டும் என்று அவர்கள் கொண்டிருந்த எண்ணமே இதற்குக் காரணம். கிருமியையும், சிதைந்த கிருமியின் உடலையும் விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் மாண்டன. ஆனால் அரிசி கழுவிய நீர்போலக் குடல் பெருகுவதாகிய காலராவின் அடையாளம் அங்கே தோன்றவில்லை.

கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரிகளில் நோய்க்கூற்று ஆசிரியராயிருந்த சம்பு நாத் தே என்னும் அறிஞர் வேறு வழி சென்றார். ஹூக்ளி மாவட்டத்தில் 1915-இல் பிறந்தவர் அவர். நோய் குடலில் நிகழ்வதாயின் நஞ்சையும் குடலின் உட்புறத்திலன்றோ வைத்துப் பார்க்கவேண்டும் என்று எண்ணினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அக்கட்டினுள் காலராக் கிருமியை ஊசியாற் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிரம்பி வீங்கி நின்றது. இஃது 1953-இல் வெளிவந்தது. பின்னர் 1959-இல், கிருமிகளை முற்றும் வடித்து நீக்கிய வளர்ப்புநீரை மட்டும் அவ்வாறே செலுத்தினார். உயிருள்ள கிருமி ஒன்றேனும் இல்லை. ஆயினும் குடல் முன்போலவே நீரால் நிறைந்தது. காக்கின் ஊகம் மெய்யாயிற்று. 'நேச்சர்' என்னும் ஆங்கில வார இதழில் இரண்டு பக்கங்களுக்குள் அடங்கிவிட்ட அக்கட்டுரைக்கு வேண்டியிருந்த கருவிகள் ஒரு முயலும், நூலும், ஊசியும், வடிகட்டியுமே. பொருளில்லாமையால் ஆராய்ச்சி செய்யக் கூடவில்லை என்று முறையிடுவோர் இதனை ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக.

அந்நஞ்சு 1969-இல் தூயதாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அஃது ஆறு பகுதிகள் கூடிய ஒரு புரதம். ஐந்து பகுதிகள் குடலின் உயிரணுவைப் பற்றிக்கொள்ளுகின்றன; எஞ்சிய ஒன்று உள்ளே புகுந்து, செய்தி சொல்லும் புரதம் ஒன்றைத் திருகு உடைந்த குழாயைப்போல மூடவொட்டாமல் திறந்தே நிறுத்திவிடுகின்றது. உப்பு குடலினுள் கொட்டுகின்றது. உப்பைப் பின்தொடர்ந்து நீரும் கொட்டுகின்றது. இசைந்து முன்வந்தோரிடம் அமெரிக்க நாட்டில் செய்யப்பட்ட சோதனைகளின் முடிவு 1983-இல் வெளியாயிற்று. தூய நஞ்சில் 5 மைக்ரோகிராம் மட்டும் பருகியவர்க்கு 1 முதல் 6 லிட்டர் வரையும், 25 மைக்ரோகிராம் பருகியவர்க்கு 20 லிட்டருக்கு மேலும் நீர் கழிந்தது என்று அதில் காண்கிறோம். கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோகிராம் என்பதை மாணாக்கர் நினைவு கூர்க.

இவ்வளவு பெருங்கேடு விளைக்கும் நஞ்சு குடலின் உயிரணுவைக் கொல்வதில்லை, கிழிப்பதுமில்லை. சர்க்கரையோடு சேர்த்து உப்பை உள்ளிழுத்துக்கொள்ளும் வாயில் ஒன்று குடலில் உண்டென்பதை 1960-இல் கிரேன் என்பார் விளக்கினார். காலரா நஞ்சு அவ்வாயிலைத் தீண்டாது. 1971-இல் கிழக்கு வங்காளத்தினின்று ஓடிவந்த அகதிகள் வங்காள எல்லையிலுள்ள பன்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் உப்புநீர் போதாமற்போயிற்று. திலீப் மகலநாபிஸ் என்னும் மருத்துவர் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸும், 3.5 கிராம் உப்பும், 2.5 கிராம் சோடா உப்பும் கலந்து பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நான்குக்குக் கீழ் இறங்கியது. கிருமியைக் கொல்லும் மருந்துகள் நோயின் நாட்களைக் குறைக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் காலராவில் உயிரைக் காப்பது நீரும் உப்பும் சர்க்கரையுமே. ஒரு பொருள் உடலில் எதனைக் கெடுக்கின்றது, எதனைக் கெடாது விடுகின்றது என்று அறிந்தார்க்கு அத்தகைய வழிகள் புலப்படும்.

தேயின் புகழைப்பற்றி ஒரு சொல். 1978-இல் காலராவைக் குறித்து நோபெல் நிறுவனத்தார் கூட்டிய கருத்தரங்கிற்கு அவர் அழைக்கப்பட்டார். நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் ஒன்றேனும் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. 1985-இல் அவர் மறைந்தார். அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்துப் பெங்களூரிலிருந்து வெளிவரும் விஞ்ஞானப் பத்திரிகையொன்று அவர் நினைவாகத் தனியிதழ் வெளியிட்டது. காக்கின் பெயர் அறியாத உயிர்நூல் மாணாக்கர் நம்மிடையே இல்லை. தேயின் பெயர் அறிந்தோர் எத்தனை பேர் என்று வகுப்பில் கைதூக்கச் சொல்லிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இனி, காலராக் கிருமி இந்நஞ்சைத் தானே இயற்றிக்கொண்டதா என்றால், அதுவும் இல்லை. கிருமிகளைத் தொற்றிவாழும் மிக நுண்ணிய வைரஸ் ஒன்று அந்நஞ்சுக்குரிய மரபெழுத்தைச் சுமந்து வந்து இக்கிருமிக்குள் வைத்தது என்று வால்டோர், மெக்கலானோஸ் என்போர் 1996-இல் காட்டினர். அவ்வைரஸ் புகாத காலராக் கிருமிகள் உப்பங்கழிகளில் சிறு நீருயிர்களின் மேலோட்டைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. தொண்டையடைப்பான் என்னும் டிப்தீரியாவின் கிருமியும் இவ்வாறே கடன்வாங்கிய நஞ்சால் கொல்லுவது. அதன் நஞ்சைப் பாரிஸில் ரூ, எர்ஸன் இருவரும் 1888-இலேயே கிருமியை வடித்து நீக்கிக் காட்டியிருந்தனர். வைரஸ் புகாத டிப்தீரியாக் கிருமி அந்நஞ்சை ஆக்க வல்லதன்று. பெயரும் வடிவமும் சாயமும் ஒன்றாயிருக்க, ஒன்று கொல்லுவதாகவும் மற்றொன்று அவ்வாற்றல் இல்லாததாகவும் இருப்பின், நம் மாணாக்கர் மனப்பாடம் செய்யும் நான்கு விடைகளால் பயன் யாது?

கொல்லும் மருந்து இருக்க இவ்வாராய்ச்சி எதற்கு என்று நகைப்போரும் உளர். அவர்க்கு நாம் இரண்டு செய்திகளைச் சொல்லுவோம். சுற்றுலா விருந்துகளிலும் வேகாத இறைச்சியிலும் பற்றும் கடுங்குருதிக் கழிச்சற் கிருமி ஒன்றுண்டு, ஈ. கோலை இனத்தைச் சேர்ந்தது. சிறுவர் சிறுநீரகங்களைக் கெடுக்கும் நஞ்சை ஆக்குவது. அக்கிருமியைத் தாக்கும் மருந்துகளுள் சில, அதனுள் உறங்கும் வைரஸை எழுப்பி, நஞ்சைப் பன்மடங்கு பெருகச் செய்து வெளியே கொட்டச் செய்யும் என்று அறிந்த மருத்துவர், அந்நோயில் அம்மருந்துகளைக் கொடுக்கத் தயங்குகின்றனர். மற்றொன்று, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி உடலெங்கும் நஞ்சைப் பரப்பி நோயாளியை வீழ்த்தும் வேளையில் நிகழ்வது. மருத்துவர் பெனிஸிலினோடு கிளிண்டாமைஸின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுக்கின்றனர். பெனிஸிலின் கிருமியைக் கொல்லும். கிளிண்டாமைஸினோ கிருமியின் புரதப் பட்டறையை நிறுத்தி நஞ்சு ஆவதைத் தடுக்கும். ஆதலின் மருந்தைத் தேர்வதற்கே கிருமியின் பொருளை அறிதல் வேண்டும்.

இரும்பைப்பற்றிய போர் இன்னும் சுவையுடையது. நம் இரத்தத்தில் இரும்பு நிறைய உண்டாயினும், அதனைப் புரதங்கள் இறுகப் பற்றியிருத்தலின் கிருமிக்கு எட்டுவதில்லை. இரும்பின்றிக் கிருமி பெருகாது. ஆகவே அது சிறு தூண்டில் போன்ற ஒரு பொருளை ஆக்கி வெளியே விடுகின்றது. அத்தூண்டில் இரும்பைப் பற்றிக்கொண்டு கிருமியிடம் மீளுகின்றது. இவ்வகையுள் பெயர்பெற்ற எண்டெரோபாக்டின் 1970-இல் கண்டறியப்பட்டது. நம் உடலும் சும்மா இருப்பதில்லை. அத்தூண்டிலையே கவ்விக்கொள்ளும் புரதம் ஒன்றை அது சுரக்கின்றது என்பது 2002-இல் தெரியவந்தது. கிருமிகளிற் சில தம் தூண்டிலுக்குச் சர்க்கரையைப் போர்த்து மாறுவேடம் இட்டு அப்புரதத்தின் பிடிக்குத் தப்புகின்றன. இவ்வழக்காட்டத்தைக் கூர்ந்து நோக்கிய மருந்தியலார், கொல்லும் மருந்தொன்றைத் தூண்டில் வடிவில் அமைத்து, கிருமி தானே தன் வாயிலைத் திறந்து அதனை உள்வாங்குமாறு செய்தனர். செபிடெரோகால் என்னும் அம்மருந்தை அமெரிக்க அரசாங்கம் 2019-இல் ஏற்றது. பிற மருந்துகளுக்கு மசியாத கிருமிகளின்மேல் அது செல்லுகின்றது. அதற்கும் மசியாத கிருமிகள் ஏற்கெனவே தோன்றியுள்ளன என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மருந்துக்கு மசியாத கிருமிகளே காரணமாக 2019 என்னும் ஓராண்டில் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று கணக்கிட்டிருக்கின்றனர்.

நோயே வலியற்றிருப்பின் என்னாகும்? மேற்கு ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் புரூலிப் புண் என்றொரு நோய் உண்டு. குட்டநோய்க் கிருமிக்கும் காசநோய்க் கிருமிக்கும் உறவான கிருமி ஒன்றால் வருவது. மைக்கோலாக்டோன் எனப்படும் கொழுப்புப் பொருளை அக்கிருமி ஆக்குகின்றது என 1999-இல் கண்டனர். அப்பொருள் தோலின் உயிரணுக்களைக் கொல்லும். உடலின் காவற்படையை மயக்கும். உணர்ச்சியையும் மழுங்கச் செய்யும். கை முழுதும் குழிந்து கிடப்பினும் சிறுவன் வலியென்று அழுவதில்லை. அழாமையால் தாய் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லத் தாமதிக்கிறாள். கொண்டுசெல்லும்போது கையோ காலோ முடங்கிவிடுகின்றது. இந்நோய்க்கு எட்டு வாரம் கொடுக்கும் கொல்லி மருந்துகள் நல்ல பயன் தருகின்றன. இங்கே கொல்லுதலே முறை. எனினும், வலியில்லாப் புண்ணே அஞ்சத்தக்கது என்று ஊராருக்கு எடுத்துச் சொல்ல, அப்பொருளின் தன்மையை ஒருவர் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

குடலில் குடியிருக்கும் ஈ. கோலைக் கிருமிகளுட் சில கொலிபாக்டின் என்னும் பொருளை ஆக்கி நம் உயிரணுவின் மரபிழையில் தழும்பிடுகின்றன என்பது 2006-இல் வெளிப்பட்டது. பெருங்குடற் புற்றுநோய் சிலவற்றில் அத்தழும்பின் அடையாளமே காணப்பட்டதென 2020-இல் எழுதினர். ஆனால் 1917-இல் நிஸ்லே என்னும் ஜெர்மானிய மருத்துவர், தோழரெல்லாம் சீதபேதியில் வீழத் தான்மட்டும் நோயுறாதிருந்த போர்வீரன் ஒருவனிடமிருந்து பிரித்தெடுத்த ஈ. கோலைக் கிருமி, வயிற்றுக்கு நலஞ்செய்யும் மருந்தாக இன்றும் விற்கப்படுகின்றது. கொலிபாக்டினை ஆக்கும் மரபெழுத்து அக்கிருமியிலும் உண்டு. நன்மைக் கிருமி, தீமைக் கிருமி என்று விளம்பரங்களில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுவோர் இதனை எந்தப் பத்தியில் இடுவர் என்று அறிய எமக்கு ஆவல் உண்டு.

நஞ்சை மட்டும் தடுத்துவிட்டால் போதும், கிருமி கிடக்கட்டும் என்று வாதிப்போரும் இப்போது தோன்றியுள்ளனர். அவர்களோடும் நாம் முற்றும் உடன்பட இயலவில்லை. இசிவுநோயில் நரம்பைப் பற்றிவிட்ட நஞ்சை எந்த மாற்றுமருந்தும் பெயர்த்தெடுப்பதில்லை; எஞ்சி ஓடுவதையே பிடிக்கும். பொன்னிற ஸ்டபிலோகாக்கஸ் கிருமிக்கு அதன் பொன்னிறமே கவசம். அந்நிறத்தை ஆக்கவொட்டாமல் தடுத்தால் கிருமி வெளுத்து, எலியின் உடலால் எளிதில் அழிக்கப்படுகின்றது என்று 2008-இல் காட்டினர். அழகிய சோதனை. ஆனால் அவ்வழியில் ஒரு மருந்தும் இன்னும் மருந்துக்கடைக்கு வந்திலது. ஆராய்ச்சிக்கூடத்து எலிக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. கொல்லவேண்டியதைக் கொல்லுதலும், பொருளை அறிந்து அதற்கேற்பச் சிகிச்சை செய்தலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டாவதைக் கல்லூரிகள் கற்பிக்காதிருப்பதே எமது மனக்குறை.

இதற்குப் பெரும்பணமோ புதுக் கட்டிடமோ வேண்டுவதில்லை. இரசாயன வகுப்பாரும் உயிர்நூல் வகுப்பாரும் ஆண்டுக்கு ஒருநாள் ஒரே மேசையில் நின்றால் போதும். முதற்கட்டுரைப் பொருளாகிய நீலச்சீழ்க் கிருமியை இளமாணாக்கர் கையில் கொடுப்பது தகாது. அதற்கு மண்ணில் வாழும் உறவினன் ஒருவன் உளன்: ஸூடோமோனாஸ் புளூரெஸென்ஸ். நலமுள்ளோர்க்கு அவன் தீங்கு செய்வது மிக அரிது. இரும்பு குறைந்த வளர்ப்புநீரில் அவனை வளர்த்தால் இரும்பைப் பிடிக்கும் தூண்டிலை ஏராளமாக விடுவான். அது புறஊதாவிளக்கின்கீழ் மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிரும். பக்கத்துக் குப்பியில் சிறிது இரும்புப்பைச் சேர்த்துவிட்டு அதே கிருமியை வளர்க்கட்டும். கிருமி அங்கும் செழிக்கும்; ஒளியோ காணாது. இரண்டு குப்பிகளினின்றும் துளியெடுத்துப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்தால் வடிவிலும் சாயத்திலும் வேற்றுமை தோன்றாது. வேற்றுமை எங்கே என்று மாணாக்கரைக் கேட்டுவிட்டு ஆசிரியர் சற்றுநேரம் பேசாதிருப்பாராக.